இருபத்தொரு நாளில் குணம்

“இவங்க பட்டையை ரீசெட் பண்ணுங்க.”

டாக்டர் நவநீதன் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். தர ஆய்வாளர் பயிற்சியில் மூன்று மாதமும் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: அந்த அதிகாரம் சட்டத்தின் நாற்பதாம் பிரிவில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், யாரும் கேட்கக் கூடாது. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார்கள். “முத்துப்பேச்சி, உங்க வீட்ல நீதான் மொத பட்டதாரி. நிரந்தர ஆணை கைக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதம்மா.” அக்கறையாம்.

அதுவரை அன்றைய ஆய்வு வழக்கம்போலத்தான் போனது. காலை ஒன்பது மணிக்குக் கதிர்வயல் ஏழாம் பிரிவின் மூட்டு-தசை நல மையத்துக்குள் நுழைந்தேன். தரை பளபளத்தது. சுவர்ப் பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். முக்கால்வாசிப் பெயர்களுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, குணமாகிவிட்டது என்று. மாதிரி மையம் என்று மாநிலமே மெச்சுகிற இடம்.

கதிர்வயல் என்றால் மாவட்டத்தின் பாதியை மூடிக் கிடக்கிற சூரியத் தகடுகள். தகட்டின் முகத்தை எந்திரம் துடைத்துவிடும். மூலையில் இறுகிப்போன உப்புத்தூசியும் பறவை எச்சமும் எந்திரத்துக்கு எட்டாது. அதைப் பெண்கள்தான் குத்தவைத்து உட்கார்ந்து சுரண்டுகிறார்கள், நாளுக்கு எட்டு மணி நேரம். முப்பது வயதில் முழங்கால் போய்விடுகிறது. போனால் இங்கே வருவார்கள்.

எல்லோருக்கும் போலவே அவர்களுக்கும் காதுக்குப் பின்னால் நகமளவு வலிமானிப் பட்டை உண்டு. நரம்பைப் படித்து, பத்துக்கு எத்தனை வலி என்று எண்ணாகச் சொல்லும். அந்த எண்தான் சான்று. வாயால் சொல்வது சான்று இல்லை. சட்டம் வந்து முப்பது வருஷமாகிறது. எங்கே வலிக்கிறது என்று எந்த மருத்துவரும் இப்போது கேட்பதில்லை.

வலிமானிக்கு ஒரு குணம் இருக்கிறது. இருபத்தொரு நாள் மாறாமல் இருக்கும் வலியை அந்த உடம்பின் இயல்பு என்று எடுத்துக்கொண்டு பூஜ்யமாக்கிவிடும். பழகுநிலை என்பார்கள். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆரம்பத்தில் பழைய முதுகுவலிக்கெல்லாம் ஊரே அலாரம் அடித்துக்கொண்டிருந்ததாம். ஆக, இந்த மையத்துக்குள் வருகிற ஒவ்வொருவரும் இருபத்திரண்டாம் நாள் குணமாகிவிடுகிறார்கள்.

சேர்மக்கனியும் குணமானவள்தான். முப்பத்திநாலு வயது. வலி: பூஜ்யம். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம். அந்தக் குறிப்போடு அறைக்குள் வந்தவள் சுவரைப் பிடித்து, பக்கவாட்டில் சரிந்து, மூட்டையை இறக்குவதுபோலத் தன்னை நாற்காலியில் இறக்கினாள்.

“வலிக்குதாக்கா?” என்றேன்.

அவள் டாக்டரைப் பார்த்தாள். “பூஜ்யம்னு போட்டுருக்கே, மேடம்.”

“அதை நான் பாத்துட்டேன். உங்ககிட்ட கேக்குறேன்.”

முழங்காலைத் தடவிக்கொண்டாள். “கக்கூஸுக்குப் போனா எந்திரிக்க முடியல. கொழாயத் தொறந்து விட்டுட்டு அழுவேன், புள்ளைகளுக்குக் கேக்கக் கூடாதுல்ல. திங்கக்கெழம போயி குத்தவச்சா இந்தக் கால் அம்புட்டுத்தான் தாயி.”

அதன் பிறகுதான் நான் ரீசெட் கேட்டேன். பழகியதை எல்லாம் பட்டை மறந்துவிட்டு இந்த நிமிஷத்து வலியை மட்டும் அளக்கும்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் சொன்னார்: “மேடம், கருவி பொய் சொல்லாது.”

“சொல்லலை சார். இவங்க வலி அதுக்குப் பழகிப்போச்சு. உங்களுக்கும்தான்.”

அவர் முகம் சுருங்கியது. குரலைத் தாழ்த்தினார். “நானூத்திப் பன்னெண்டு பேருக்கு என்கிட்ட ஒரே ஒரு பிசியோ. ஆள் வேணும்னு இயக்குநர்கிட்ட நாலு தடவை கேட்டாச்சு. போர்டு பச்சையா இருக்கே, எதுக்கு ஆளுங்கிறாரு. நான் என்ன பண்ணட்டும்?”

“அப்ப சிவப்பைக் காட்டுங்க. தகுதியிழந்த மையத்துக்கு முப்பது நாள்ல ஆள் அனுப்பணும். அதுவும் சட்டந்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். பிறகு ரீசெட் கருவியில் ஒப்புதலுக்காகக் கட்டை விரலை வைத்தார். நானும் வைத்தேன்.

ஒன்பது.

அழுவாள் என்று நினைத்தேன். சேர்மக்கனி வெடித்துச் சிரித்தாள். “பாத்தீகளா! நடிக்கிறேன்னீகளே!” கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: “ஏ இருளாயி! எனக்கு ஒம்போதுடீ!”

வெளியே குணச் சான்றிதழுக்காக அறுபது பெண்கள் காத்திருந்தார்கள். ஒருவருடைய அளவு ஐந்துக்கு மேல் மாறினால், சம்மதிக்கிற எல்லோருக்கும் ரீசெட் செய்தாக வேண்டும். நாற்பதாம் பிரிவின் அடுத்த வரி அதுதான். சம்மதம் கேட்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

“எட்டு!”

“எனக்கு ஏழரை.”

“ஏழரையா? அது முட்டி இல்லடீ, ஒம் புருசன்.”

இருளாயிக்கு ஆறு வந்தது. “ஆறுதானா? ஒழுங்கா அளங்க சார், எந்திரிக்கவே நாலு பேரு வேணும் எனக்கு” என்று சண்டைக்கு நின்றாள். பலகையில் ஒவ்வொரு புள்ளி சிவக்கும்போதும் தேர்தல் முடிவு வருவதுபோல விசில் பறந்தது. டாக்டர் பிசியோவை விரட்டினார்: “போர்டை அப்புறம் பாக்கலாம்யா. மொதல்ல நாற்காலி கொண்டா. எட்டுக்கு மேல இருக்கிறவங்களை நிக்க வைக்காதே.”

டாக்டரின் திரையில் சேர்மக்கனியின் வேலைக்குறிப்பு தானாக அழிந்து, அந்த இடத்தில் அறுவைச் சிகிச்சைத் தேதி வந்தது. பத்தொன்பதாம் தேதி. என் ஆய்வுப்பலகையில் இருந்த அறிக்கையில் ‘தகுதியில்லை’ என்று போட்டுக் கையெழுத்திட்டு, பலகையைத் தோள்பைக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.

போன் அடித்தது. இயக்குநர்.

“முத்துப்பேச்சி, உன் நிரந்தர ஆணை என் மேஜை மேல இருக்கு.”

“சரிங்க சார்.”

“ஆய்வாளர் வளாகத்தைத் தாண்டுற வரைக்கும் அறிக்கையைத் திருத்தலாம், தாண்டிட்டா பூட்டிக்கும். கருவிக் கோளாறுன்னு ஒரு வரி எழுது. இன்னிக்கே கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா ஆணையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இப்ப எங்க இருக்க?”

“வாசல்ல சார். செருப்பு மாட்டிக்கிட்டிருக்கேன்.”

“கழட்டிட்டு உள்ள போ.”

வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினேன். உள்ளே யாருக்கோ பத்து வந்திருக்க வேண்டும், கூரை அதிர்ந்தது. அவரைப் பேசவிட்டுக்கொண்டே நடந்து, கேட்டைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தேன். தோள்பைக்குள் ஆய்வுப்பலகை டக்கென்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.