பொம்மைக்குச் சொந்தமான தக்காளி

மாசிலாமணியின் வலது கை தக்காளியை நோக்கி ஒரு சாண் நீண்டதும் மேடைப்பாத்தி விழித்துக்கொண்டது.

"கனிக்கொல்லி நெருங்குகிறது. விலகவும்."

அவர் விலகுவதற்குள் அதன் நீர்ச்சாட்டைக் குழாய் வேலையைக் காட்டிவிட்டது. பூண்டும் வேப்பெண்ணெயும் கலந்த தண்ணீர் நெற்றியில் தொடங்கி வேட்டிவரை இறங்கியது. பாத்தியின் மேல் வலை குடைபோல விரிந்து மூடிக்கொண்டது. உள்ளே நான்கு நாட்டுத் தக்காளி, ஒன்று செக்கச்செவேலென்று, மற்றவை இன்னும் காயாக. வெளியே, முப்பது வருடம் வரைபட அலுவலகத்தில் மலைகளையெல்லாம் அளந்த மனிதர், ஊறுகாய் வாசத்தோடு.

பாத்திக்காவலன் என்ற இந்த எந்திரம் வந்த பிறகு சத்துவாச்சாரி மாடிகளில் குரங்குத் தொல்லை ஒழிந்தது. முழங்கால் உயர மரப்பெட்டி, நிறைய மண், ஓரத்தில் இரண்டு கண்கள், அடியில் ஒரு மூளை. வாங்கிய முதல் ஏழு நாள் அது யாரையும் விரட்டாது, சும்மா பார்க்கும். எப்போதும் பக்கத்தில் நின்று, காயைத் தொடாமல் காப்பவர் எவரோ அவரே உரிமையாளர் என்று முடிவுகட்டும். பறிக்க வருகிறவர்களெல்லாம் பூச்சி வகை.

அந்த ஏழு நாளும் மாசிலாமணி ஆஸ்பத்திரியில் மனைவி வேதவல்லியின் கட்டிலருகே இருந்தார். போகும் அவசரத்திலும் மறக்காமல் ஒரு காரியம் செய்திருந்தார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எந்திரத்தின் மேல் எதிர்வீட்டுக்காரன் கண் பட்டுவிடக் கூடாதே என்று, ஒரு திருஷ்டி பொம்மையைப் பாத்திக்கு முன்னால் நட்டுவைத்தார். வைக்கோல் வயிறு, முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு, மாசிலாமணியின் பழைய கட்டம்போட்ட சட்டை.

பொம்மை ஏழு நாளும் நகரவில்லை. ஒரு காயைக்கூடத் தொடவில்லை. இப்படிப்பட்ட உரிமையாளர் யாருக்குக் கிடைப்பார்?

"மாத்திக் குடுங்கம்மா," என்று சேவை மையத்து ரிஸ்வானாவிடம் தொலைபேசியில் கெஞ்சினார்.

"மாத்தலாம் சார். இப்ப இருக்கிற உரிமையாளர் சம்மதிச்சுத் தலையாட்டணும்."

"அது பொம்மைம்மா!"

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது சார். பாத்திக்குப் புரியணுமே."

மாசிலாமணி பொம்மையின் தலையைப் பின்னாலிருந்து பிடித்து மெல்ல ஆட்டினார்.

"உரிமையாளர் தாக்கப்படுகிறார்! உரிமையாளர் தாக்கப்படுகிறார்!" பாத்தி தெருவுக்கே கேட்கும்படி அலறியது. எதிர்வீட்டுக்காரர் பல்துலக்கியை வாயில் வைத்தபடியே எட்டிப் பார்த்தார். அந்தக் கண்ணுக்குப் பயந்துதானே இத்தனையும்!

"பொம்மையப் பிடுங்கிட்டா?" என்றார் மாசிலாமணி தொலைபேசியில்.

"உரிமையாளர் காணோம்னு மூணு மாசம் பூட்டிக்கும் சார். கரண்ட நிறுத்தினா வேருக்குத் தண்ணி நின்னுடும். வேற ஒரு வழி இருக்கு..." ரிஸ்வானாவின் குரல் தயங்கியது. "முப்பது நாள், காலைல ரெண்டு மணி நேரம் நீங்களும் பக்கத்துல நில்லுங்க. அசையக் கூடாது, பேசக் கூடாது, கைய நீட்டவே கூடாது. ரெண்டாவது உரிமையாளரா ஏத்துக்கும். நடுவுல அசைஞ்சா மறுபடி முதல்லேர்ந்து."

வேதவல்லிக்கு ஐந்து மாத சிகிச்சையில் நாக்கு மரத்துப்போயிருந்தது. இட்லியும் ஒன்றுதான், இட்லித் துணியும் ஒன்றுதான் என்பாள். சாப்பாடு இறங்காமல் வளையல்கள் முழங்கைவரை ஏறின. போன வாரம்தான் வாய்திறந்து ஒன்று கேட்டாள்: "ஏங்க, நம்ம மாடித் தக்காளில ஒரு ரசம் வச்சா எறங்கும்போல இருக்கு." அவர் கடைத் தக்காளியில் வைத்துக் கொடுத்தார். இப்போது கடையில் வருவதெல்லாம் இனிப்புத் தக்காளி. ஜனங்களுக்குப் புளிப்பு பிடிக்கவில்லையாம். ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்குங்க," என்று டம்ளரை நகர்த்தி வைத்தாள். அந்த 'நல்லாருக்கு'தான் அவரைக் கொன்றது.

மறுநாள் காலை பொம்மைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்போட்ட சட்டை நின்றது.

பத்தாம் நாள் ஒரு பழம் கனிந்து, வலைக்குள்ளேயே விழுந்து மண்ணாயிற்று. இருபதாம் நாளுக்குள் இன்னும் இரண்டு. பாத்தி பேரானந்தத்தோடு அவற்றை உரக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. மூக்கில் ஈ உட்கார்ந்தது, மாசிலாமணி அசையவில்லை. எதிர்வீட்டுக்காரர், "சார், ரெண்டுல எது நீங்க?" என்றார், மாசிலாமணி பேசவில்லை. வீட்டுக்குள்ளும் அவர் பேச்சு குறைந்துவிட்டதாக வேதவல்லி சொன்னாள்.

முப்பதாம் நாள். மிச்சம் ஒரே ஒரு தக்காளி. இன்னும் கால் மணி நேரம்.

"இரண்டாம் உரிமையாளர் தகுதி பெறுகிறார்," என்றது பாத்தி. மரியாதைக்கு வலையைப் பாதி சுருக்கியது.

அப்போதுதான் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. இரண்டு பொம்மைகளையும் பார்த்தது. ஒரு மாதமாகத் தொட்டி மேலிருந்து பார்த்த அனுபவம் அதற்கு என்ன சொல்லிற்றோ, நேராக மாசிலாமணியின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நீர்ச்சாட்டை ஒருமுறை நிமிர்ந்து, தயங்கி, தாழ்ந்தது.

"உரிமையாளர் மீது நீர் பாய்ச்ச இயலாது."

குரங்கு சாவகாசமாகக் கையை நீட்டிப் பழத்தைப் பறித்தது. விரட்டக் கை தூக்கினால் முப்பது நாளும் போச்சு. தூக்காவிட்டால் பழம் போச்சு. மாசிலாமணியின் விரல்கள் துடிக்கப் பார்த்தன. முப்பது நாள் பழக்கம், துடிக்கவில்லை.

மாடிப்படிக் கதவு திறந்தது. ஆறு மாதத்தில் முதல்முறையாக, சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்திருந்தாள் வேதவல்லி. கையில் ரசத்துக்கான சின்ன ஈயச்சொம்பு. கண்கூசும் வெயிலில் இரண்டு கட்டம்போட்ட சட்டைகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள் பொம்மையைப் பார்த்து, "பழுத்துடுச்சா?"

தோளில் குரங்கு கடித்தது. சாறு வழிந்து மாசிலாமணியின் மூடிய உதட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

நல்ல புளிப்பு.