அறுபதில் நின்ற முள்

மூன்றாம் நம்பர் பம்பின் மீட்டர் முள் அறுபதில் நின்றிருந்தது. நூறில் நிற்க வேண்டிய முள்.

ஃபிட்டர் கண்ணாடியை விரலால் தட்டினார். மீட்டர் சண்டித்தனம் செய்கிறதென்றால் ஒரு தட்டில் வழிக்கு வந்துவிடும், இது அசையவில்லை. மோட்டார் இழுக்கும் கரண்டும் குறைவு, வெளியே தள்ளும் அழுத்தமும் குறைவு. அப்படியென்றால் பம்ப் மேல் குற்றமில்லை, அதற்கு வந்து சேரும் தண்ணீரே குறைவு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இதை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அறுபது என்ற அந்த எண் அவருக்குப் பிடிக்கவில்லை.

பம்ப் அறை தரைக்குக் கீழே பதினெட்டுப் படி. மேலே மத்தியானம் இரண்டரை மணி வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, இங்கே எந்நேரமும் அதே ட்யூப்லைட், அதே கிரீஸ் வாடை, ஈர இரும்பிலிருந்து கிளம்பி நாக்கில் வந்து உட்காரும் அதே துருவின் புளிப்பு. சுவரில் இருந்த போன் அடித்தது. கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர்.

"அண்ணே, பாய்லர்காரங்க கத்துறாங்க. தண்ணி பாதிதான் வருதாம்."

"கத்தட்டும். பார்த்துட்டுச் சொல்றேன்."

போன வருஷமும் அவர்கள்தான் கத்தினார்கள். அன்று அவருக்குப் பொறுமை இல்லை.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின் உடம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப், இவருக்கு இது. உள்ளே கூழாங்கல் உருளும் சத்தம், தண்ணீர் போதாத பம்புக்கே உரிய சத்தம். அதற்கும் அடியில், குழாய் வந்த திசையிலிருந்து வேறொன்று.

டக். டக். டக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று.

இந்த அறையில் கத்தினால் யாருக்கும் கேட்காது. அதனால் ஸ்பேனரால் குழாயில் தட்டுவது இங்கே பேச்சு. ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் ஓட்டு. மூன்று என்றால், உள்ளே ஆள் இருக்கிறது.

பம்பை நிறுத்தினார். அறை அடங்கியது. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. தட்டல் மட்டும் நிற்கவில்லை.

வால்வுகளை மூடி, குழாய் நடுவில் இருந்த வடிகட்டியின் மூடியைக் கழற்றினார். போல்ட்டுகள் விரலில் வழுக்கின. உள்ளே கூடை சுத்தமாக இருந்தது. பாசி இல்லை, குப்பை இல்லை. அடியில் ஒரே ஒரு பூட்டு. சிவப்புப் பூட்டு. அதன் மேல் நகப்பூச்சால் பச்சைப் பொட்டு.

அந்தப் பொட்டை வைத்தது அவருடைய தங்கச்சி. எல்லாரும் ஒரே மாதிரிப் பூட்டு வைத்திருப்பதால் புருஷனுடையது மாறிவிடக் கூடாதென்று வைத்தாள். பம்புக்குத் தண்ணீர் வரும் தொட்டிக்குள் இறங்குகிறவன் பம்பின் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டை வேறு யாரும் தொடக் கூடாது. ஆனால் மச்சான் மறதிக்காரன். பூட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது. போன வருஷம் மூன்றாவது தடவையும் அப்படித்தான் என்று நினைத்து, எட்டிக்கூடப் பார்க்காமல், ஃபிட்டர் கட்டரால் பூட்டை நறுக்கிப் பம்பை ஓட்டினார்.

மச்சான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, குழாய் வாயில் இருந்த வலையைக் கழற்றிவிட்டு, உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். பம்ப் அவனைக் கையோடு உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டது. தலை தண்ணீருக்கு மேலே வரவேயில்லை.

மீட்டர் அன்றும் அறுபதுதான் காட்டியது. ஏன் குறைகிறதென்று தலையைச் சொறிந்துகொண்டு பத்து நிமிஷம் நின்றவர் இவர்.

மச்சான் பூட்டே போடவில்லை, கவனக்குறைவு என்று விசாரணையில் சொன்னார். செத்தவன் சாட்சி சொல்ல வரப்போவதில்லை. நறுக்கின பூட்டைப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தார்.

இப்போது கையில் இருந்த பூட்டில் நறுக்கின அடையாளமே இல்லை. முழுசாக, பூட்டியபடி இருந்தது. தொட்டி வலையில் விரல்தான் நுழையும். இது எப்படி நுழைந்தது?

செல்போனை எடுத்துத் தங்கச்சியை அழைத்தார்.

"என்ன அண்ணா, டியூட்டி நேரத்துல?"

"ஒண்ணுமில்லம்மா. தொட்டிக்குள்ள இறங்கணும். அதான்... உன்கிட்ட ஒண்ணு சொல்லலாம்னு..."

"பூட்டு போட்டுட்டு இறங்கு. அந்த மனுஷன் மாதிரி அலட்சியமா இருக்காதே. அவரு பையில இருந்த சாவி இன்னும் ஆணியிலதான் தொங்குது. எந்தப் பூட்டோடதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. சரி, என்ன சொல்ல வந்தே?"

மடியில் கனம். "ராத்திரி வந்து சொல்றேன்மா" என்று வைத்துவிட்டார். ஒரு வருஷமாக இப்படித்தான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

டக். டக். டக்.

அன்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். அந்த நினைப்புத்தான் அவரைத் தள்ளியது. வடிகட்டியை மூடினார். மெயின் சுவிட்சை அணைத்தார். தன் பூட்டைப் போட்டார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். சாவி பையில்.

ஏணியில் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சில்லென்றிருந்தது. டார்ச் வெளிச்சம் குழாயின் வாயைத் தொட்டதும் தட்டல் நின்றது.

வலைக்குப் பின்னால் இருட்டு. அந்த இருட்டிலிருந்து, வலையின் ஓட்டைகள் வழியே, நான்கு விரல்கள். ஊறி வெளுத்த விரல்கள். ஒன்றில் தங்கச்சி போட்ட மோதிரம்.

அலற வாய் திறந்தார். அழுகைதான் வந்தது.

"மச்சான்... நீ பூட்டு போட்டிருந்தே. நான்தான் வெட்டினேன். நான்தாண்டா."

கையை நீட்டினார். விரல்கள் அவர் விரல்களைப் பற்றின. மெதுவாகத்தான். பிறகு இறுக்கமாக.

மேலே, இரும்புத் தரையில் ஏதோ விழுந்தது.

அவருடைய பூட்டு.

வால்வு திறக்கும் சத்தம். சுவிட்ச் ஏறும் சத்தம். மோட்டாரின் முதல் முனகல். இடுப்பைச் சுற்றித் தண்ணீர் குழாயை நோக்கி நகர ஆரம்பித்தது.

விரல்கள் விடவில்லை. அவரும் விடவில்லை.