பக்கத்து விரல்

மழையும் அவளும் ஒரே நேரத்தில்தான் அந்தத் தையல் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். மழை வாசலோடு நின்றுகொண்டது. அவளுக்கு அந்த அளவு இங்கிதம் போதவில்லை.

குடையை வெளியே உதறி மடக்கியபடி, முதுகைக் காட்டிக்கொண்டே உள்ளே வந்தவள், நேராகப் போய் ஒரு முழங்கையில் இடித்தாள். அந்த முழங்கைக்குச் சொந்தக்காரன் அப்போது பெரிய கத்தரிக்கோலால் வெள்ளைத் துணி வெட்டிக்கொண்டிருந்தான். கத்தரிக்கோல் துணியை விட்டுவிட்டு அவன் இடது கையைப் பதம் பார்த்தது.

"ஸ்..." என்றான். அவ்வளவுதான்.

"பாத்து நிக்கக் கூடாதா?" என்றாள் அவள்.

இடித்தவள் கேட்கிற கேள்வியா இது என்று அவளுக்கே தோன்றியது. என்ன செய்ய... அவள் வாய்க்கு எப்போதுமே அவளைவிட அவசரம்.

"மேஜைகிட்டதாங்க நிக்கிறேன்," என்றான் அவன், கையை இறுக்கிப் பிடித்தபடி. "வழக்கமா யாரும் ரிவர்ஸ்ல வர மாட்டாங்க."

பதிலுக்கு ஏதோ சொல்ல வந்தவள், அவன் விரலிடுக்கில் ரத்தத்தைப் பார்த்தாள். உடனே அவளுக்குள் இருந்த 'குட்டி மேட்ரன்' விழித்துக்கொண்டாள். நர்சிங் கல்லூரியில் மொத்த வகுப்பும் அவளை அப்படித்தான் கூப்பிடும். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால், படுத்திருக்கும் நோயாளிக்குத் தூக்கம் வந்துவிடும்; அவளுக்கு வராது. கட்டுப் போடும் தேர்வில் வகுப்பிலேயே முதல். வரப்போகும் பட்டமளிப்பு விழாவில் கையில் விளக்கோடு முன்னால் வந்து, உறுதிமொழியை அவள் ஒவ்வொரு வரியாக வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்லப்போகிறார்கள். அந்தச் சேதியை பஸ் ஓட்டும் அவளுடைய அப்பா டிப்போ முழுவதும் சொல்லிவிட்டார். அந்த விழாவுக்கான வெள்ளைச் சீருடையை வாங்கத்தான் இந்த ஓட்டமும் இந்த இடியும்.

"கையை நீட்டுங்க. நான் நர்ஸ்," என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து, என்று மனசாட்சி திருத்தியது. அதை அதட்டி உட்கார வைத்தாள்.

கைப்பையிலிருந்து பஞ்சு வந்தது, மருந்து வந்தது, கட்டுத்துணிச் சுருள் வந்தது. அவன் கையை நீட்டினான். ரத்தம் நாலு விரலிலும் ஈஷியிருந்தது. துடைத்தாள். எல்லாம் பாடத்தில் உள்ளபடியே நடந்தது, அவள் தலையை நிமிர்த்தும்வரை.

கண்கள்...

மழை பிடித்த சாயங்காலத்தில் ஜன்னலுக்கு உள்ளே விளக்கைப் போட்டது மாதிரி இருந்தன. வலிக்கிறது என்று சொல்லலாமா, சிரித்துவிடலாமா என்று தங்களுக்குள்ளேயே பேசி முடிவெடுக்காத கண்கள். அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள்... கட்டுத்துணியைத்தான். மனசு எதைச் சுற்றியது என்று அப்போது பார்க்கவில்லை.

அவன் நடுவில் ஒருமுறை வாயைத் திறந்தான்.

"என்ன? வலிக்குதா?"

"இல்லங்க... இப்ப இல்ல."

முடிச்சுப் போட்டாள். புத்தகத்தில் படமாகப் போடலாம், அப்படி ஒரு கட்டு. தன் வேலையைத் தானே ஒரு கணம் ரசித்தாள்.

கடையின் உள்பக்கம் மெஷினில் உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா எட்டிப் பார்த்தாள். கடை அவளுடையது, தம்பி துணி வெட்டுகிறவன்.

"ஏன்டா, இன்னும் சொட்டுதே?"

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மோதிர விரலில் கட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வெட்டுப்பட்ட நடுவிரல் அதன் பக்கத்தில் அனாதையாக நின்று, மேஜைமேல் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சீருடையில் சொட்டுச் சொட்டாக...

"பக்கத்து விரலுக்குப் போட்டுட்டியேம்மா," என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "போச்சு, அது உன்னோட டிரெஸ்தான்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சரியான விரலைக் கட்டியிருக்கலாம். கறையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசியிருக்கலாம். நாலு வருஷப் படிப்பில் இதெல்லாம் முதல் வருஷத்திலேயே வந்துவிடுகிறது. அவள் குடையைப் பிடுங்கிக்கொண்டு, "நாளைக்கு ஹாஸ்டலுக்கு அனுப்பிடுங்க," என்று வாசல்படியில் நின்று சொல்லிவிட்டு ஓடினாள். தெருமுனை தாண்டித்தான் குடையை விரிக்கவில்லை என்பது தெரிந்தது.

அது வெறும் அசடு வழிந்த கதை. அத்தோடு போயிருந்தால் வயசான பிறகு சொல்லிச் சிரித்திருக்கலாம். மறுநாள் செய்ததுதான் சிரிக்க முடியாதது.

மறுநாள் வகுப்புக்கான சீருடைகள் மொத்தமும் ஹாஸ்டல் ஹாலுக்கு வந்தன. டியூட்டர் மேடம் ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அலசியும் போகாமல், ஒன்றின் இடுப்புப் பக்கம் பழுப்பாக ஒரு கறை.

"இது யாரோடது?"

"என்னோடது மேடம்."

"என்ன கறை?"

"ரத்தம்... தையல்காரரோடது."

"எப்படி?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. முதுகுக்குப் பின்னால் மொத்த வகுப்பும் நின்றது. கட்டுப் போடுவதில் முதல் மார்க் வாங்கியவள் விரலை மாற்றிக் கட்டினாள் என்று தெரிந்தால், இவளுக்கு ஐம்பது வயதானாலும் விடமாட்டார்கள்.

"கவனமில்லாம வெட்டிக்கிட்டாரு மேடம்," என்றாள்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மேடம் கடைக்குப் போன் போட்டார். அன்று மத்தியானமே அவன் வந்தான், கையில் ஒரு பொட்டலத்தோடு. இடது கையில் இப்போது இரண்டு கட்டு. நடுவிரலில் அவனே தாறுமாறாகச் சுற்றியது ஒன்று. மோதிர விரலில்... அவள் போட்டது, அப்படியே.

"உங்க கவனக்குறைவுக்கு எங்க பொண்ணு கறையோட மேடை ஏறணுமா?" என்றார் மேடம்.

அவன் ஹாலைப் பார்த்தான். வரிசையில் அவளையும் பார்த்தான். அவள் தன் செருப்பைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவான்... சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும்...

"என் தப்புதான் மேடம்," என்றான். "புதுசா ஒண்ணு தைச்சுக் கொண்டாந்திருக்கேன்."

"அது சரி. பாக்கி இருக்கிற நர்ஸ் தொப்பிகளை வேற கடையில கொடுத்துக்கறோம். அடுத்த வருஷத் துணியும் உங்ககிட்ட வராது."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். ஓங்கி அறைந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும் அவளுக்கு.

"ஏய், மேட்ரன்," என்று காதோரம் குசுகுசுத்தாள் பஞ்சு. சுருட்டை முடிக்காக அந்தப் பெயர் வாங்கிய அறைத்தோழி. "அந்தாள் கைல இருந்த ரெண்டாவது கட்டு... அந்த முடிச்சு உன்னோடது மாதிரியே இருக்கே?"

"உளறாத."

"நாலு வருஷமா உன் முடிச்சைப் பாத்துப் பாத்துத்தானே நான் பாஸ் ஆனேன்? எனக்குத் தெரியாதா?"

அவள் குளியலறைக்குப் போய்ப் புதுச் சீருடையைப் போட்டுப் பார்த்தாள். தோளில் சரி, கையில் சரி, இடுப்பில் சரி. எங்கேயும் ஒரு பிடிப்பு இல்லை, ஒரு தொளதொளப்பு இல்லை. அளவாகச் செய்த பரிவு. கண்ணாடியில் நின்றது மேடை ஏறப்போகிற நர்ஸ். அவளை நேருக்கு நேர் பார்க்க இவளால் முடியவில்லை. அவமானம் என்றால் கன்னம் சூடாவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இல்லை... அது வயிற்றுக்குள் ஈரத்துணியைத் திணித்தது மாதிரி, சாப்பிட உட்கார்ந்தாலும் கனக்கிறது, படுத்தாலும் கனக்கிறது.

விழாவுக்கு முந்தின நாள் காலை, ஒத்திகை. எல்லோர் கையிலும் ஏற்றாத விளக்கு. அவள் முன்னால் வந்து வாசிக்க ஆரம்பித்தாள். அவள் ஒரு வரி சொல்ல, வகுப்பு ஒரு வரி சொல்ல, ஹால் கோயில் மணி அடித்த மாதிரி அதிர்ந்தது. நாலாவது வரிக்கு வந்தாள்.

"என் கையால் நேர்ந்த தவறை..."

வகுப்பு திருப்பிச் சொன்னது.

"...ஒருபோதும்..."

நின்றுவிட்டாள். வகுப்பு காத்திருந்தது. மறந்துவிட்டதாக நினைத்துப் பஞ்சு, "மறைக்க மாட்டேன், மறைக்க மாட்டேன்," என்று பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"மேடம்," என்றாள் அவள். "இதை நான் வாசிக்கக் கூடாது."

சொல்லிவிட்டாள். குடை, முழங்கை, கத்தரிக்கோல், எல்லாம். "அவர் மேல தப்பே இல்ல மேடம். நான்தான் இடிச்சேன். நான்தான் தப்பாக் கட்டினேன். உங்ககிட்ட சொன்னதும் பொய்."

டியூட்டர் மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பாக் கட்டினேன்னா?"

"பக்கத்து விரல்ல மேடம்."

ஹாலில் யாரோ ஒருத்தி அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. மேடத்தின் உதடுகூட ஒரு கணம் கோணிவிட்டு, அவசரமாக நேரானது.

"நீயா? நீ எப்படி விரலை மாத்துவ?"

அவள் கையிலிருந்த விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காது மடல் வரை சூடானது.

"சரி," என்றார் மேடம். சிரிப்பு நின்றது. "உறுதிமொழியை உன் பின்னால நிக்கிறவ வாசிக்கட்டும். நீ வரிசைல நின்னு திருப்பிச் சொல்லு. கடைக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன், வேலை அவங்களுக்கே. மன்னிப்பு மட்டும் நீ நேர்ல போய்க் கேளு. அதை என்னால போன்ல கேக்க முடியாது."

பஞ்சு கண்ணில் தண்ணீரோடு முன்னால் வந்தாள். அவள் விலகி வரிசைக்குப் போனாள். அப்பா டிப்போவிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். 'எம்பொண்ணு எங்கடா, முன்னால காணோம்?' என்று எட்டி எட்டிப் பார்ப்பார். சாயங்காலம் அவருக்கும் போன் செய்து சொல்ல வேண்டும். இன்றைக்கு வாய் பழகிவிட்டது, அதையும் சொல்லிவிடலாம்...

மத்தியானம் தெருவெல்லாம் தூறல். இந்த முறை வாசலிலேயே குடையை மடக்கி, முகத்தை முன்னால் வைத்து, நடந்து உள்ளே போனாள்.

"தம்பி, நர்சம்மா வந்திருக்காங்க," என்றாள் அக்கா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "கையை உள்ள வச்சுக்கோ."

"அக்கா..." என்றான் அவன்.

"என்னடா, அக்கா? தொப்பியெல்லாம் பாதில நிக்குது, போன வேலை திரும்பி வந்திருக்கு. மேடம் இப்பத்தான் பேசினாங்க. அதுக்காக நான் உடனே பல்லைக் காட்டணுமா?"

"வேணாங்க்கா. திட்டுங்க. திட்டு வாங்கத்தான் வந்தேன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவதற்கு இவ்வளவு ஒத்துழைப்புக் கிடைத்ததில் கொஞ்சம் ஏமாந்துபோனாள் போல. "நனைஞ்சிருக்க. அந்த ஸ்டூல்ல உக்காரு," என்று மட்டும் சொன்னாள்.

அவள் உட்காரவில்லை. வெட்டும் மேஜைக்கு எதிரே போய் நின்றாள். அவன் ஒரு தொப்பியின் மடிப்பை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிடுங்க," என்றாள். "அன்னிக்கு இடிச்சதுக்கு இல்ல... அது தெரியாம. மேடம் முன்னால உங்களைத் தலைகுனிய விட்டேனே, அது தெரிஞ்சே. நீங்க நின்னப்ப நான் ஒரு வார்த்தை பேசல. அதுக்கு."

"மேடம் சொன்னாங்க. எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டீங்களாமே. முன்னால நின்னு வாசிக்கிறதும் போயிடுச்சாம்."

"போகட்டும். எனக்கு அது பொருந்தல... நீங்க தைச்சதுதான் பொருந்திச்சு."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கண்கள் மறுபடி தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டன.

"நீங்க ஏன் சொல்லல?" என்றாள் அவள். "எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

"உங்க முகத்தைப் பாத்தேன். ஏற்கெனவே அடி வாங்கினவங்க மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல எதுக்குன்னு..." என்று இழுத்தான். "ஒண்ணு கேக்கலாமாங்க?"

"கேளுங்க."

"வகுப்புலயே முதல்னு சொல்றாங்க. நீங்க எப்படி விரலை மாத்துனீங்க?"

அதே கேள்வி. மொத்த ஹாலுக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டியவள், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் மடித்து வைத்திருந்தாள். ஓடிவிடலாம்... வாசல் பக்கம்தான், குடையும் கையில்தான் இருக்கிறது. ஆனால் ஓடியதன் லட்சணத்தைத்தான் இந்த வாரம் முழுவதும் அனுபவித்தாகிவிட்டதே.

"விரலை நான் பாக்கவே இல்ல," என்றாள், மேஜையைப் பார்த்து. அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, அவனைப் பார்த்து. "உங்களைப் பாத்துட்டிருந்தேன்... இப்பவும் அப்படித்தான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்ல, தெரியும். ஆனா இன்னொரு பொய் சொல்ல முடியலைங்க."

உள்ளே அக்காவின் மெஷின் சட்டென்று நின்றது. பூமி பிளந்தால் இறங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

"அப்ப நானும் ஒண்ணு ஒத்துக்கணும்," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "நீங்க சுத்த ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"விரல் மாறிடுச்சுன்னு."

"தெரியுமா..? அப்புறம் ஏன் வாயை மூடிட்டு இருந்தீங்க?"

"சொன்னா..." அவன் காதும் சிவந்துகொண்டிருந்தது. "கையை விட்ருவீங்களே."

உள்ளேயிருந்து அக்கா மெஷினை மடமடவென்று மிதிக்க ஆரம்பித்தாள். கடையே அதிரும்படி ஓடியது அது. ஊசிக்குக் கீழே துணியே இல்லை.