முப்பத்தொன்று புள்ளி நான்கு

திங்கள், காலை 8.10.

"அக்கா, எனக்கு மட்டும் கடிதாசி வரல."

அணுமின் நிலையத்தின் கதிர்வீச்சுப் பதிவு அறை வாசலில், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெல்டர் நின்றான். வயது முப்பத்து மூன்று. நிலையத்தில் அவனை எல்லோரும் 'பொறி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவருக்குப் பெயர் 'அளவு அக்கா'. யார் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்கு வைத்திருப்பது அவர் வேலை. தொழிலாளர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறு பட்டையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியூர் ஆய்வகம் வாங்கிப் பார்க்கும். ஆளுக்கொரு மூடிய கடிதத்தில் அளவு வரும். அதைப் படிப்பது தொழிலாளியின் உரிமை.

"மத்தவங்களுக்கு எப்ப வந்தது?"

"ரெண்டு வாரம் ஆச்சு. போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய்."

அக்கா பதிவேட்டைத் திறந்தார். பொறியின் குழுவில் பதினெட்டுப் பேர். பதினெட்டுக் கையெழுத்து. செவ்வாய், காலை 10.30.

"நீங்க வாங்கிட்டதா இருக்கே தம்பி."

பொறி குனிந்து பார்த்தான். சிரித்துவிட்டான்.

"இது நான் போட்டது இல்லக்கா. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இவ்வளவு லட்சணமா எழுத வந்தா நான் எதுக்கு வெல்டிங் பிடிக்கிறேன்?"

அக்கா சிரிக்கவில்லை. கணினியில் அந்தச் செவ்வாய்க்கிழமையின் நுழைவுப் பதிவை எடுத்தார். பொறி கதிர்ப் பகுதிக்குள் போனது 9.40. வெளியே வந்தது 12.15. கையெழுத்து விழுந்த நேரத்தில் அவன் மூன்று கதவுகளுக்கு உள்ளே, மணிக்கட்டில் டேப் சுற்றிய கையுறையோடு குழாய்க்கு அடியில் படுத்திருந்தான்.

யாரோ பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எதற்கு?

8.40. அக்கா ஆய்வகத்துக்கு ஃபோன் செய்தார். மறுமுனையில் தாள் புரளும் சத்தம். பிறகு ஒரு எண்.

அக்கா ரிசீவரை வைத்துவிட்டு மானேஜர் அறைக்குப் போனார்.

"முப்பத்தொன்று புள்ளி நான்கு மில்லிசீவர்ட், சார். நம்ம வருஷ வரம்பே இருபதுதான். வரம்பு தாண்டினா உறை மேல சிவப்பு நகல் ஒண்ணு குத்தி அனுப்பியிருப்பாங்களாம். அது நம்ம ஆபீசுக்கு வரணும். அதுவும் வரல."

மானேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். "முதல்ல நாம விசாரிச்சு முடிப்போம். அப்புறம் அவன்கிட்ட பக்குவமா சொல்லிக்கலாம்."

"உடம்பு அவரோடது சார். இப்பவே சொல்றேன்."

9.05. எண்ணைக் கேட்டதும் பொறி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நேத்து ராத்திரிகூட பாப்பா என் மேலதான் தூங்குச்சு."

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. இது தொத்து இல்ல தம்பி. உங்க உடம்புல இருந்து யாருக்கும் ஒட்டாது."

"உங்களுக்குத் தெரியும் அக்கா. எனக்கு..." முடிக்கவில்லை. "எனக்கு என்ன ஆகும்?"

"இந்த அளவுக்கு உடம்புல உடனே எதுவும் தெரியாது. டாக்டர் பார்ப்பாரு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. இந்த எண் உண்மையான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

அவர் இன்னொரு ஏட்டைத் திருப்பிக் காட்டினார். கதிர்ப் பகுதிக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் பட்டையோடு ஒரு பாக்கெட் மீட்டரும் கொடுப்பார்கள். வெளியே வந்ததும் அதன் எண்ணை எழுதிக்கொள்வார்கள். பொறியின் மூன்று மாதக் கூட்டல் 1.8. அவனோடு தோளோடு தோளாக வேலை செய்தவர்களுக்கும் இரண்டை ஒட்டித்தான்.

"உள்ள இருந்தப்ப ரெண்டும் ஒரே சட்டையிலதான் இருந்தது. ஒண்ணு 1.8 சொல்லுது, இன்னொண்ணு 31 சொல்லுது. அப்படின்னா பட்டை மட்டும் தனியா எங்கேயோ போயிருக்கு. நீங்க கூட இல்லாம."

"பட்டை எங்கக்கா போகும்? அதுக்கு என்ன காலா இருக்கு?"

10.20. வாசல் காவலாளி ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். பதற்றமே அறியாதவர். வேலை முடிந்து போகிறவர்கள் பட்டையை அவர் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். எந்த ஆணி காலி என்று தினமும் மாலை எழுதிவைப்பார்.

"யாராவது இதைப் படிப்பாங்களா ஐயா?" அக்கா கேட்டார்.

"பத்தொன்பது வருஷமா எழுதறேன். நீங்கதாம்மா முதல் ஆள்."

இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கம். வியாழன் மாலை, ஆணி 27 காலி. வெள்ளி மாலை, ஆணி 27 காலி. சனிக்கிழமை மாலை பட்டை திரும்பிவிட்டது. இருபத்தேழு பொறியின் எண்.

அக்கா பொறியைக் கூப்பிட்டு அந்தத் தேதியைச் சொன்னார். அவன் உடனே சொன்னான்.

"மறக்க முடியுமா? அன்னைக்குத்தான் வீட்டுக்காரிக்குக் குடல்வால் வெடிச்சிடும்னு ஃபோன் வந்தது. பட்டறையில போட்டது போட்டபடி ஓடினேன். ஜீப்புல பக்கவாட்டுக் கேட் வழியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு விட்டாங்க. சனிக்கிழமைதான் வந்தேன்."

"அவசரத்துல ஓடினீங்களே, வேலைக் கோட்டு?"

"பட்டறையில, பின்சுவத்து ஆணியில தொங்..." பொறி நிறுத்தினான். "பட்டை கோட்டுல இருந்தது அக்கா!"

"அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன?"

"குழாய் முற்றம்."

11.00. குழாய்களின் வெல்டிங் இணைப்புகளைக் கதிரால் படமெடுத்துப் பார்க்கும் ஆளைப் படக்காரர் என்பார்கள். அவர் ஏட்டிலும் அதே வியாழன், அதே வெள்ளி இருந்தது. சுவரை ஒட்டி இருபத்தாறு படங்கள்.

"பட்டறையில யாராவது இருந்தாங்களா?" அக்காவின் குரல் கூர்மையானது.

"ஒரு ஈ, காக்கா இல்ல மேடம். ரெண்டு நாளும் காலி பண்ணிக் கயிறு கட்டிட்டோம். ஆள் இருக்கான்னுதான் பார்த்தோம். கோட்டு இருக்கான்னு பார்க்கல."

"நாளைக்கு அதே இடத்துல பதிமூணு படம் எடுங்க. அந்த ஆணியில நான் ஒரு புதுப் பட்டையை மாட்டறேன்."

மாலை வீட்டில் பொறி தள்ளியே உட்கார்ந்திருந்தான். நான்கு வயது மகள் மடியில் ஏற வந்தபோது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். மூன்றாவது தடவை அவன் எழுந்தபோது மனைவி கேட்டாள்.

"தாகமா, இல்ல புள்ளை மேல கோவமா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அந்த அம்மா ஒட்டாதுன்னு சொன்னாங்களா இல்லையா?" என்றாள்.

"சொன்னாங்க."

"அப்ப உக்காருங்க."

அவன் உட்காரவில்லை.

புதன், காலை 9.30. முந்தின நாளே ஆளிடம் அவசரமாகக் கொடுத்தனுப்பிய பட்டைக்கு ஆய்வகத்திலிருந்து எண் வந்தது. ஆணியில் தொங்கிய பட்டையின் அளவு 15.6. பாதிப் படங்களுக்கு ஏறக்குறைய பாதி அளவு.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இன்னொன்று பாக்கி. கடிதம் எங்கே?

கையெழுத்து விழுந்த செவ்வாயன்று கடிதக் கட்டும் பதிவேடும் குழுவின் ஓய்வறை மேசையில் அரைமணி நேரம் கிடந்திருக்கின்றன. பதினேழு பேர் வந்துபோன இடம். யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அக்கா யாரையும் கூப்பிட்டு மிரட்டவில்லை. குழுவின் வேலைப் பட்டியலை வரவழைத்து, அந்தச் செவ்வாய்க்கு முன்னும் பின்னும் இருந்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார்.

10.15. அறையில் மூன்று பேர். அக்கா, பொறி, குழுவின் ஃபோர்மேன். ஃபோர்மேனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பொறிக்கு வெல்டிங் கம்பி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

"தம்பி, இந்த ரெண்டு வாரமா உங்களுக்கு எங்க வேலை?"

"வெளிமுற்றத்துல அக்கா. கைப்பிடிக் கம்பி பத்தவைக்கிறேன். நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், அண்ணன் ஒதுக்கிட்டார்னு நினைச்சேன்."

"உள்வேலையை யார் பார்த்தது?"

பொறி ஃபோர்மேனைப் பார்த்தான். "அண்ணனே."

அக்கா தாள்களை ஃபோர்மேன் பக்கம் தள்ளினார்.

"கடிதத்தை ஒளிச்சவர் எண்ணை மறைச்சிட்டார். ஆனா அந்த எண்ணைத் தெரிஞ்ச மாதிரி நடந்துக்கறதை அவரால மறைக்க முடியல. அந்தச் செவ்வாய் மதியத்துல இருந்து பொறி ஒரு தடவைகூடக் கதிர்ப் பகுதிக்குள்ள போகல. இது யாருக்கும் தெரியாத நேரம். ஆபீசுக்கே தெரியாது. அவர் வரம்பைத் தாண்டிட்டார்னு ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. பட்டியல் போடறது நீங்கதான் சார்."

ஃபோர்மேன் மறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த உறையை எடுத்தார். பிரிக்கப்படவில்லை. மேலே சிவப்பு நகல் அப்படியே இருந்தது.

"நகல்ல இருந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல மேடம். அப்பதான் அவன் பொண்டாட்டி ஆபரேஷன் முடிஞ்சு தேறி வந்தா. இதையும் கேட்டா பையன் உடைஞ்சிடுவான். வேலையும் போயிடும். கொஞ்ச நாள் வெளிய வச்சிருந்து, நேரம் பார்த்துச் சொல்லலாம்னு..."

"அவருக்குப் பதிலா நீங்க உள்ள போனீங்க."

"எனக்கு வயசாச்சு."

பொறியின் முகம் சிவந்தது. கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"அண்ணே, அந்தக் கடிதாசியை என் கையில கொடுத்திருந்தா, நான் அன்னைக்கே கோட்டை மறந்துட்டுப் போன கதையைச் சொல்லியிருப்பேன். அது எனக்கு மட்டும்தானே தெரியும்? ரெண்டு வாரம் நீங்க வீணா பயந்து செத்திருக்கீங்க. வீணா உள்ள போயிருக்கீங்க!"

"கோட்டா? எந்தக் கோட்டு?"

அக்கா சொன்னார். ஆணி, சுவர், இருபத்தாறு படங்கள், 15.6. ஃபோர்மேன் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அப்ப பையனுக்கு..."

"1.8. மூணு மாசத்துக்கு. ரத்தப் பரிசோதனையும் செஞ்சு உறுதி பண்ணிக்குவோம், ஆனா எனக்குச் சந்தேகமில்ல. உங்களுக்கு இந்த ரெண்டு வாரத்துல மட்டும் 0.7. வரம்புக்குள்ளதான். அதையும் இப்பவே சொல்லிட்டேன் பாருங்க." அக்கா எழுந்தார். "பொய்க் கையெழுத்தை நான் எழுதித்தான் ஆகணும் சார். மானேஜர் கேட்பார். நல்லெண்ணம்தான்னும் எழுதறேன்."

"எழுதுங்க மேடம். என்ன தண்டனையோ கொடுங்க." ஃபோர்மேன் கண்ணைத் துடைத்தார். அவர் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத நிறம் வந்திருந்தது.

பொறி அதற்குள் ஃபோனைக் காதில் வைத்திருந்தான்.

"ஒண்ணுமில்லடி. கோட்டுலதான் பட்டிருக்கு, என் மேல இல்ல. ஆமா, அக்காவே சொன்னாங்க. சத்தியமா. கடிதாசியா? நம்ம அண்ணன்தான் ஒளிச்சு வச்சிருந்தார்."

மறுமுனையில் அவள் என்ன சொன்னாளோ, அவன் சத்தமாகச் சிரித்தான். ஃபோனை ஃபோர்மேனிடம் நீட்டினான்.

"உங்களைத்தான் கேக்கறா அண்ணே. திட்டறதுக்கு."

ஃபோர்மேன் எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஃபோனை வாங்கினார்.

"சொல்லும்மா," என்றார்.