பதினோராம் நிமிடத்தில் ஓர் இருமல்

பதினோராம் நிமிடத்தில் யாரோ இருமினார்கள்.

ஜெனவீவ் ஒலிப்பதிவை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடியும் கேட்டாள். சத்தியசீலன் ஐயாவின் அவசரமில்லாத குரல், அதன் பின்னால் அவர் வீட்டை ஒட்டிய கோலா கெடா படகுத்துறையில் ஏதோ ஒரு மோட்டார் விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் ஓசை, அதற்கும் மேலே ஒரு பெண்ணின் இருமல். சளி இருமல் இல்லை. மூச்சு உள்ளே போக வழி கிடைக்காமல் தொண்டையிலேயே முட்டி நின்று, இழுத்து, கடைசியில் எதையோ கிழித்துக்கொண்டு வெளியே வருகிற இருமல். அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு சத்தம் அவள் காதில் விழவே இல்லை.

"வீட்டுல ஆள உக்கார வச்சிக்கிட்டுத்தான் பேட்டி குடுத்தாராக்கும்," என்று வாய்விட்டுத் திட்டினாள்.

செர்டாங்கில் அவள் தனியாக இருக்கும் வீட்டின் பின்னறை அது. ஒரு கட்டில், ஓர் அலமாரி, நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடம். இரைச்சல் பதியக்கூடாதென்று காற்றாடியை நிறுத்தி, சன்னலை மூடித் திரையை இழுத்துவிட்டு, கதவின் அடியில் துண்டைத் திணித்திருந்தாள். மணி மூன்று. மழை வரப்போகிற புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. ஒரு போனில் விருந்தினரை அழைத்து ஒலிபெருக்கியில் போடுவாள். கட்டிலின் மேல் கிடக்கும் பழைய போன் அதைப் பதிவு செய்யும். அவள் பாடம் நடத்தும் தாதியர் கல்லூரியின் இணைய வகுப்புக்கு, தோட்டங்களில் களைக்கொல்லி நஞ்சு பற்றி ஆறு பேட்டிகள் வேண்டும். சத்தியசீலன் நான்காவது விருந்தினர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் டிரெசராக ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, யாருக்கு என்ன நோய் என்று சீட்டு எழுதியவர்.

அப்படி அவர் எழுதிய சீட்டுகளில் ஒன்று ஜெனவீவிடம் இருக்கிறது. சவரியம்மாள், மருந்து அடிக்கும் வேலை, சளிக் காய்ச்சல், இரண்டு நாள் ஓய்வு. அம்மா முதுகில் சுமந்த பம்பிலிருந்து நீல நிறக் களைக்கொல்லி மருந்து ஒழுகி ஒழுகி, அங்கே தோல் வெந்திருந்தது. விரல் நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வாய் முழுக்கப் புண். கடைசி பதினாறு நாள் அவள் படுக்கவே இல்லை. உட்கார்ந்தபடி காற்றைத் தேடினாள். அப்போது ஜெனவீவுக்குப் பன்னிரண்டு வயது. தான் யார் மகள் என்று அவரிடம் அவள் சொல்லவில்லை. அவராகவே, தன் வாயாலேயே சொல்லவேண்டும் என்று காத்திருந்தாள்.

அவர் சொன்னது வேறு. "என் சர்வீஸ்ல மருந்தால ஒருத்தர்கூட சாகலமா. அதெல்லாம் சும்மா பேச்சு லா."

இருமல் அந்த இடத்தில்தான் வந்தது.

மேலே ஓடவிட்டாள். பதினான்காம் நிமிடத்தில், "கையுறை குடுத்தோம். பொம்பளைங்கதான் போட மாட்டாங்க," என்றார். இருமல். பத்தொன்பதாம் நிமிடத்தில், "மேனேஜ்மெண்ட் நல்லாத்தான் பாத்துக்கிச்சு," என்றார். இரண்டு இருமல். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை அல்ல.

வகுப்பை ஒருங்கிணைக்கும் ஷாமளாவிடமிருந்து குரல்செய்தி வந்தது. "அக்கா, அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க லா. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் வெயிட் பண்றாங்க."

ஜெனவீவ் பழைய போனில் பதிவை முடுக்கிவிட்டு, சத்தியசீலனை மறுபடியும் அழைத்தாள்.

"ஐயா, கொஞ்ச இடம் திரும்பப் பதியணும். உங்க வீட்டுல யாரோ இருமுறாங்க."

"எங்க வீட்டுலயா? மகன் பினாங்குல இருக்கான். நான் ஒத்த ஆளுதான். உங்க பக்கமில்ல இருமுனாங்க? அப்பவே கேக்கணும்னு நெனச்சேன். உங்க அம்மாவுக்கு உடம்புக்கு முடியலையாம்மா?"

கிண்டல் செய்கிறார் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது; ரத்தம் தலைக்கு ஏறியது. அதற்குப் பிறகுதான் அது உறைத்தது. பதிவில் அவர் குரல் மெலிந்து, ஒலிபெருக்கியின் தகரச் சத்தத்தோடு இருந்தது. படகு மோட்டாரும் அப்படித்தான். இருமல் அப்படி இல்லை. அது நிறைவாக, ஈரமாக, கிட்டத்தில் இருந்தது. அவளுடைய சொந்தக் குரல் பதிந்ததைப் போலவே.

அந்தச் சத்தம் போன் வழியாக வரவில்லை. இந்த அறையில் பதிவாகியிருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறையில் ஒரு வாடை எழுந்தது. மண்ணெண்ணெய் போல, அழுகிய புல் போல, நாக்கின் நுனியில் ஒட்டுகிற வாடை. லயத்து வீட்டுக் கொடியில் தொங்கிய அம்மாவின் சட்டையில் அடித்த அதே வாடை. எழுந்து கதவைத் திறந்து ஓடிவிடவேண்டும் என்று கால்கள் சொல்லின. ஆனால் அந்தக் கிழவர் அங்கே இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், சுகமாக, சீராக. அது அவளை உட்காரவைத்தது.

"எங்கம்மா பேரு சவரியம்மாள்," என்றாள். "நீங்கதான் சளிக் காய்ச்சல்னு எழுதுனீங்க."

"அது... மேனேஜர் சொன்னாருமா. மருந்துன்னு எழுதுனா வேலை போயிடும்னாரு. எனக்கும் புள்ளைங்க இருந்துச்சு."

அவளுக்குப் பின்னால், அலமாரிப் பக்கம், இருமல்.

அவருக்கும் கேட்டது. "யாருமா அது? யாரு பக்கத்துல?"

"எத்தனை பேரு?" என்றாள் ஜெனவீவ்.

"என்னமா?"

"எத்தனை பேருக்கு அப்படி எழுதுனீங்க? பேரச் சொல்லுங்க. பதிவாகுது."

"வேணாம்மா. அவங்கள நிறுத்தச் சொல்லு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்."

"தெரியுமில்ல? அப்ப சொல்லுங்க!" அவள் கத்தினாள். முப்பது வருடமாகக் கத்தாத கத்தல். "சொல்லுய்யா!"

சொன்னார். குரல் உடைந்து, ஒவ்வொன்றாக. அஞ்சலை. இழுத்து விடும் ஒரு மூச்சு, கதவோரம். பாப்பாத்தி. இன்னொன்று, கட்டிலின் கால்மாட்டில். முனியம்மா. சின்னப்பொண்ணு. அறையில் காற்று குறைந்தது. லெட்சுமி. நல்லம்மா. அவள் தோளுக்குப் பின்னால் ஒரு நெஞ்சு கரகரத்தது. கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. சூடாக இல்லை.

திரும்பவில்லை அவள். திரும்ப முடியவில்லை.

"சவரியம்மாள்," என்றார் சத்தியசீலன். அழுதார். "அவ்வளவுதான்மா. ஏழு பேரு. என்ன விட்டுடுங்க."

தொடர்பு அறுந்தது. அவர் போய்விட்டார். கோலா கெடாவில், தன் நாற்காலியில், ஒருவரும் இல்லாத வீட்டில், பத்திரமாக.

அவர்கள் இங்கே இருந்தார்கள்.

ஒரு கை அவள் தோளைத் தாண்டி நீண்டது. நகமில்லாத விரல்கள். பழைய போனைப் பார்த்து நீண்டன. முகம் குனிந்தது, போனுக்கு மிக அருகில், பேட்டி கொடுக்கிறவர்களைப் போல. அம்மாவின் காது. அம்மாவின் கம்மல் துளை. அம்மா அவளைப் பார்க்கவில்லை. வாய் திறந்தது. உள்ளே நாக்கு இருந்த இடத்தில் நீலமாக ஏதோ தளும்பியது.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. போன் திரையில் ஒலியலைகள் மட்டும் உச்சிவரை எழுந்தன. எழுந்து, அங்கேயே நின்றன.

ஜெனவீவ் திரும்பினாள். அம்மாவின் பின்னால், சிறு வயதில் லயத்தில் பார்த்த அஞ்சலை நின்றாள், முதுகில் பம்பு, போனில் பேசத் தன் முறைக்காக. அவளுக்குப் பின்னால் ஒருத்தி. துண்டு திணித்து மூடியிருந்த கதவு இப்போது திறந்திருந்தது. கூடத்திலும் நின்றார்கள். ஜெனவீவ் சன்னல் திரையை விலக்கினாள். முற்றத்தில், வாசல் கேட்டில், மழை கொட்டுகிற சாலையில், செம்பனை மரங்கள் தொடங்குகிற வளைவு வரைக்கும், அதற்கும் அப்பால், வரிசை. முதுகில் பம்பும் வாயில் கட்டிய துணியுமாக. துணிகள் எல்லாம் நீலம்.

அவர் சொன்னது ஏழு பேர்தான்.

வரிசை ஓர் அடி முன்னே நகர்ந்தது.