முந்தானை எப்போது முடிந்தது?

"ஐயோ...!"

அலறல். அடுத்த நொடியே கரண்ட் கட்!

1979. செவிலிமேடு. பட்டுப்புடவை டிசைன் கம்பெனியின் படிக்கட்டில் முதலாளி அப்பாதுரை மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில், ஃப்யூஸ் பார்க்க ஓடிவந்த எலெக்ட்ரீஷியன் சனாவுல்லா.

போதாதா? இன்ஸ்பெக்டர் கண்ணாயிரம் வந்ததும் வராததுமாக அவனுக்கு விலங்கு மாட்டிவிட்டார்.

தங்கை ஃபரீதாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கம்பெனிக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவள் அவள்தான்.

"எங்கண்ணன் எதுக்கு சார் கொல்லணும்? மேனேஜரைக் கேளுங்க! டிசைனைத் திருட்டுத்தனமா வித்தாருன்னு காலையிலதான் முதலாளி அவரைக் கிழிகிழின்னு கிழிச்சாரு!"

மேனேஜர் கோதண்டபாணி வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தார்.

"நான் கம்ப்யூட்டர் மிஷின்கிட்ட உக்காந்துக்கினு இருந்தேம்மா. புடவையோட உடம்பு, பார்டர், முந்தானை... மூணுக்கும் மூணு பிள்ளைப் புரோகிராமை அது பெத்து விடுது. நீ எழுதினதுதானே? கடைசியா முந்தானை ஓடுறப்ப ஆளு டேப் மாத்திக்கினே இருக்கணும். கரண்ட் போற வரைக்கும் ஓடிச்சு. எப்படி எழுந்து போவேன்?"

"சாட்சி?" என்றார் கண்ணாயிரம்.

"மிஷினே சாட்சி சார்! கரண்ட் போறதுக்கு முன்னாடி அது அடிச்ச தாளு. பாருங்க... முந்தானை, இவ்ளோ நேரம்னு போட்டிருக்குது. ஓடாமலா நேரம் ஏறும்?"

ஃபரீதா தாளைப் பிடுங்கினாள்.

பார்த்தாள்.

"பாவி மனுஷா!" என்று கத்தினாள். "ஓடிக்கினு இருக்கிற பிள்ளைக்கு இது கணக்கே போடாது சார்! பிள்ளை வேலையை முடிச்சுச் சாகணும். அப்புறம்தான் தாய்ப் புரோகிராம், அது எவ்ளோ நேரம் தின்னுச்சுன்னு கேட்டு வாங்கி அச்சடிக்கும். முந்தானைக் கணக்கு வந்திருக்குதுன்னா... கரண்ட் போறதுக்கு முன்னாடியே முந்தானை முடிஞ்சுபோச்சு!"

கண்ணாயிரம் மெதுவாகத் திரும்பினார்.

"அப்புறம் எங்கய்யா போனே?"

கோதண்டபாணி வாசலுக்குப் பாய்ந்தார். கான்ஸ்டபிள் காலைக் குறுக்கே நீட்ட...

தொபேல்!

வேட்டி மடிப்பிலிருந்து ரத்தம் தோய்ந்த ஸ்பேனர் உருண்டது.

விலங்கு கை மாறியது. கண்ணாயிரம் அசடு வழிந்தார்.

"ஏம்மா, இந்த மிஷினைப் போலீஸ்ல சேத்துக்கலாமா?"

ஃபரீதாவின் கோபம் இன்னும் அடங்கவில்லை.

"ஒத்துவராது சார். அது வேலை முடிஞ்சப்புறம்தான் கணக்கு எழுதும். நீங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதிடுறீங்களே!"