கட்டிலின் அந்தப் பக்கம்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசி வீடு அது. பிற்பகல் வெயிலில் வான் வண்டி வந்து நின்றபோது தண்டவாளத்துக்கு அப்பால் கடல் கண் கூசும்படி மினுங்கியது. வான்காரரும் இன்னொருவரும் நாகேந்திரத்தைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார்கள். அவருடைய மனைவி பாலேஸ்வரி தலையணையையும் மருந்துப் பையையும் நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் நடந்தாள்.

அறைக்கு ஒரேயொரு யன்னல். அதுவும் மதிலைப் பார்த்தது. உள்ளே போனதும் முதலில் ஒரு மணம் வந்தது. டெட்டோல், பவுடர், அவற்றுக்குக் கீழே இன்னொன்று. ஈரத்துணியை நெடுநாள் பொத்தி வைத்தது போல. அந்த மணத்தை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மூலைக் கட்டில்களைக் கடக்கும்போது வரும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் முதுகுத் தோல் விட்டுப்போனால் வரும் மணம்.

"கட்டில் ஈக்கிது, பாவிச்சுக்கோங்க," என்றாள் வீட்டுக்கார அஸீஸா. "முந்தி ஒரு தாயும் மகனும் இருந்தாங்க. அந்தப் புள்ளயும் இப்படித்தான், படுத்த படுக்க."

"இப்ப எங்கை அவை?"

அஸீஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போய்த்தாங்க புள்ள. ரெண்டு பேரும் போய்த்தாங்க."

யாழ்ப்பாணத்தில் விழுந்த ஷெல்லின் சிறு துண்டு ஒன்று நாகேந்திரத்தின் முதுகெலும்பில் பாய்ந்திருந்தது. கப்பலேறித் திருகோணமலை வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்தார்கள். மாதக்கணக்கில் வைத்துப் பார்த்த டொக்டர்கள், இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று விட்டுவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை. "நோகாது, அதுதான் ஆபத்து," என்று வார்ட்டுத் தாதி, மிஸ்ஸி, பாலேஸ்வரிக்குச் சொல்லி அனுப்பினாள். ஒரே பக்கமாய்க் கிடக்கவிடக் கூடாது. அடிக்கடி திருப்ப வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. தோலில் ஈரம் நிற்கக் கூடாது. சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், ஆளை இழுக்கக் கூடாது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் விரிப்பைப் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும்.

இரண்டு பேருக்கு அவள் எங்கே போவாள்?

தனியே இழுத்தாள். இழுக்க இழுக்க, இடுப்பின் பின்புறம், நாரிக்குக் கீழே சிவந்திருந்த இடத்தில் மேல்தோல் உரசிக் கழன்று வந்தது. ஒரு ரூபாய்க் குற்றி அளவு. பச்சையாய், ஈரமாய். அது ஆழமாகிக் கிருமி இரத்தத்தில் கலந்தால் ஆள் தப்பாது என்று மிஸ்ஸி சொன்னது காதிலேயே நின்றது.

நாகேந்திரம் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். "என்னைப் பார்சல் மாதிரி உருட்டுறீர் பாலேஸ். முத்திரை குத்துறதுதான் பாக்கி," என்பார்.

"வாயை மூடுங்கோ. பாரத்துக்கு எவ்வளவு காசு வருமெண்டு தெரியுமே?"

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டே, ஒருக்களித்துக் கிடந்த அவரைத் தலைமாட்டுப் பக்கம் இழுத்தாள். மத்தியானம். ஒழுங்கையில் ஒரு சத்தமில்லை.

"இழுக்காதை பிள்ளை."

காதுக்குப் பக்கத்தில், மூச்சோடு மூச்சாக.

பாலேஸ்வரி திரும்பினாள். வாசலில் எவருமில்லை. அஸீஸா முன்வீட்டில் அரிசி புடைக்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. காது அடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் விரிப்பைப் பிடித்தாள்.

விரிப்பின் மறுபக்கம் தானாக எழுந்தது.

நாகேந்திரம் பஞ்சு போல மேலே வந்தார். எங்கும் உரசாமல் நகர்ந்து மெல்ல இறங்கினார்.

"உமக்கு எங்கையிருந்து இந்தப் பலம்? கொத்துரொட்டி திண்டு வந்தனீரோ?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. இடுப்புக்கு மேலே எது பட்டாலும் அவருக்குத் தெரியும்.

"பாலேஸ், நீர் எந்தப் பக்கம் நிக்கிறீர்?"

"உங்கடை முகத்துக்கு நேரைதானே நிக்கிறன்."

"அப்ப முதுகுப் பக்கம் நிக்கிறது ஆர்?"

அவள் எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வெறும் இடம். ஆனால் அங்கே விரிப்பின் ஓரத்தில் நான்கு சிவப்புப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. கையை மடக்கி ஊன்றினால் விரல் மொளிகள் படும் இடைவெளியில். தொட்டாள். ஈரம்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றே அறையைக் காலி செய்திருப்பாள். பாலேஸ்வரி அன்று அந்தப் பக்கம் கிடந்த கதிரையை எடுத்து வெளியே வைத்தாள். நிற்க இடம் வேண்டுமல்லவா? பயம் இருந்தது. அவருடைய புண் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அதன் பிறகு திருப்பும் வேளைகளில் அவள் "தூக்குவம்" என்று மெதுவாகச் சொல்வாள். மறுபக்கம் எழும். பொட்டுகள் விழும். அவள் தோய்த்து உலர்த்துவாள். நாகேந்திரமும் கேட்பதை விட்டுவிட்டார். ஒருநாள் மட்டும், "கை குளிர். ஆனா சின்னப்பிள்ளையைத் தூக்குற மாதிரித் தூக்குது," என்றார். புண்ணின் ஓரம் வெளிறி, உள்நோக்கிச் சுருங்கத் தொடங்கியது.

அந்த நாட்களில் வடக்கிலிருந்து வந்து தங்கியவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடைக்குப் போகும்போது வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால், வெளியே ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். சோதனைக்கு வருபவர்கள் பூட்டைப் பார்த்து, ஆளில்லை என்று திரும்பிவிடுவார்கள். ஷெல் பட்ட உடம்போடு ஒரு ஆண் கிடந்தால் எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று கேட்பார்கள். கேள்வியோடு நிற்கவும் மாட்டார்கள். பாலேஸ்வரியும் பூட்டிவிட்டுத்தான் போவாள். அஸீஸா அந்த வாரம் மகளைப் பார்க்க பேருவளைக்குப் போயிருந்தாள்.

காலி வீதியில் பார்மசிக்கு முன்னால் சுற்றிவளைப்பு. ஐடென்டிட்டி கார்டில் யாழ்ப்பாணம் என்று கிடந்தது. கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிந்த துண்டு அறையில் கிடந்தது.

"நகின்ன, நகின்ன," என்று பொலிஸ்காரன் சிங்களத்தில் சொல்லி, ஏறும்படி ட்ரக்கைக் காட்டினான்.

அடைத்து வைத்த இடத்தில் நிறையத் தமிழ்ப் பெண்கள். அறைக்குள் அவர் பூட்டிக் கிடப்பதைப் பாலேஸ்வரி பக்கத்தில் இருந்தவளிடம் மட்டும் சொன்னாள்.

"வாய் திறக்காதை தங்கச்சி," என்றாள் அவள். "கதவை உடைச்சு அந்த மனுசனையும் கொண்டு போவாங்கள்."

சொன்னால் அவரைப் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் அவர் கிடந்தபடி கிடப்பார். தண்ணீரில்லாமல், திருப்ப ஆளில்லாமல், ஆறிவந்த புண்ணின் மேலேயே.

ஓர் இரவு பொறுத்தாள். பொழுது விடிந்தபோது எழுந்து போய் இரும்புக் கதவில் தட்டினாள். "என்ரை மனுசன் ஏலாமல் கிடக்கிறார்! திறவுங்கோ!" வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. வந்தவனுக்கும் தமிழ் விளங்கவில்லை. கையை மடக்கிக் குத்தினாள். அன்று பகல் முழுக்கக் குத்தினாள். மொளிகளில் தோல் உரிந்து, கதவில் சிவப்பாய் ஒட்டியது.

அடுத்த நாள் மத்தியானம், போகலாம் என்று விட்டார்கள்.

ஒழுங்கையில் ஓடி வந்தாள். பூட்டு போட்டபடியே தொங்கியது. திறப்பைப் போட்டுப் பூட்டைத் திறந்தாள்.

அறையில் பவுடர் மணம்.

அவரை மல்லாக்கக் கிடத்திவிட்டுத்தான் அவள் போனவள். இப்போது அவர் வலப்பக்கம் சாய்ந்து, வாசலைப் பார்த்தபடி கிடந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. தலைமாட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரும் கரண்டியும். அவள் வைத்தவையல்ல.

"இஞ்சருங்கோ."

உதடு ஈரமாக இருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது.

செய்தி கேட்டு அஸீஸா பேருவளையிலிருந்து ஓடி வந்தாள். ஒழுங்கைச் சனம் கூட்டி வந்த டொக்டர் இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக்கொடுத்தார். கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோகுமுன் இரண்டு பெண்களும் சேர்ந்து அவரைத் துடைத்தார்கள். பாலேஸ்வரி நாரிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். புண் மூடியிருந்தது. இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல். உடம்பு முழுக்க வேறொரு சிராய்ப்பு இல்லை.

"பாருங்கோ அக்கா," என்றாள். "ஒரு கீறல் இல்லை. நான் இல்லாமலே ஆறியிருக்கு." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அஸீஸா அவளுடைய கையைப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே போட்டாள்.

"அல்லாவே. அந்தத் தாய்ட கையும் இப்படித்தான் இருந்திச்சு."

பிறகு சொன்னாள். அந்தத் தாயின் பெயர் சிவக்கொழுந்து. அவளும் வெளியே பூட்டிவிட்டுத்தான் போனாள். அவளையும் பிடித்தார்கள். அஸீஸா அப்போதும் பேருவளையில். உள்ளே மகன் கிடப்பது ஒழுங்கையில் வேறு எவருக்கும் தெரியாது. "நாலு நாளால வந்தாங்க புள்ள. வந்து பாக்கக்குள்ள புள்ள மௌத்து. முதுகெல்லாம்..." அஸீஸாவால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. "பொறகு ஒரு கிழம கூட இல்ல. அந்தக் கட்டில்ட பக்கத்திலயே அவங்களும் மௌத்தாகிட்டாங்க. கைக்கு மருந்து போட விடவே இல்ல."

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொன்னா நீங்க இருப்பீங்களா? ஒங்களுக்கு வேற எவன் புள்ள ரூம் தருவான்?"

எரித்துவிட்டு வந்த மறுநாள், பாலேஸ்வரி கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு, வெறுங்கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் பாயை விரித்து மல்லாக்கப் படுத்தாள். கையைக் கழுவவில்லை. அஸீஸாவையும் தொட விடவில்லை. மொளிகளில் காய்ந்த இரத்தம் சேலையோடு ஒட்டிக் கிடந்தது. நோவு இருக்கட்டும் என்று நினைத்தாள். கடற்கரையால் ரயில் ஒன்று போனது. அந்தச் சத்தத்திலேயே கண் சொருகியது.

விழித்தபோது அவள் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தாள்.

முழங்கால்களுக்கு நடுவே நாகேந்திரத்தின் தலையணை.

கதவின் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பாலேஸ்வரி தன் கைகளைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாள். இரத்தம் கழுவப்பட்டிருந்தது. ஒவ்வொரு மொளியும் ஈரம் ஒற்றி, பழைய நூல்சேலைக் கிழிசலால் இறுக்காமல் சுற்றப்பட்டிருந்தது. அந்தச் சேலை அவளுடையதல்ல. அந்த முடிச்சும் அவள் போடும் முடிச்சல்ல.

முதுகுப் பக்கம் ஆரோ நிற்பது போலிருந்தது. ஆர் என்று அவள் கேட்கவில்லை. வெகுநேரம் திரும்பவுமில்லை.

திரும்பியபோது பாயின் அந்தப் பக்கத்தில் நான்கு சிவப்புப் பொட்டுகள் இருந்தன. இன்னும் காயவில்லை.